சோயாப் பால் கடையில் ஏழு பேர்



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'எல்லை கடந்த புத்தொழில் உறவுகள்'. இந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் பேசுவது கடினமே இல்லை. எந்த மாநாட்டுக்குப் போனாலும் இதற்கான காட்சி தயாராக இருக்கிறது: மேசையில் இரண்டு கொடிகள், நடுவில் ஒரு கோப்பு, இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அடுத்த ஆண்டு அந்தக் கோப்பு என்ன ஆனது என்று கேட்டால், கையெழுத்துப் போட்ட அதிகாரி வேறு துறைக்கு மாறிப் போயிருப்பார். அதைப் பற்றிப் புலம்ப நான் வரவில்லை. இரண்டு நாடுகளின் தொழில்கள் உண்மையாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இடங்கள் உலகில் சில உண்டு. அங்கே யார், எதைச் செய்தார்கள் என்று பார்க்கலாம். தைவானைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1974 பிப்ரவரி 7ஆம் தேதி காலை. தைபே நகரத்தின் நான்யாங் தெருவில் ஒரு சோயாப் பால் கடை. அங்கே மக்கள் காலைப் பலகாரம் சாப்பிடப் போகும் சாதாரணக் கடை அது. ஒரு மேசையைச் சுற்றி ஏழு பேர். பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவான் இருந்தார். போக்குவரத்து அமைச்சர் இருந்தார். தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்தவர்களும், முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவரும் இருந்தார்கள். ஏழாமவர் பான் வென்-யுவான். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்.

அன்றைய தைவான் துணியும் பிளாஸ்டிக் பொம்மையும் ஏற்றுமதி செய்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ரேடியோ, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பூட்டிக் கொடுத்தது. முந்தைய ஆண்டின் எண்ணெய் நெருக்கடி எல்லோரையும் உலுக்கியிருந்தது. கூலி குறைவு என்பதை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும் என்ற கவலை அமைச்சருக்கு. சிப் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள், மின்னணுக் கைக்கடிகாரத்தில் தொடங்குங்கள் என்றார் பான். எவ்வளவு காலம் ஆகும்? நான்கு ஆண்டு. எவ்வளவு செலவாகும்? ஒரு கோடி டாலர். சரி என்றார் சுன். பலகாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு நாட்டின் தொழில் திசை முடிவாகிவிட்டது என்று அந்த ஊரில் இதைக் கதையாகவே சொல்வார்கள். எனக்கு அதைவிட அதற்குப் பிறகு நடந்ததில்தான் அக்கறை.

அந்த ஆண்டு ஜூலையில் பான் மறுபடி தைபே வந்தார். ஒரு ஓட்டலில் அறை எடுத்து உட்கார்ந்து திட்டத்தை முழுவதுமாக எழுதிக் கொடுத்தார். பிறகு ஆர்.சி.ஏ. வேலையை விட்டே விலகினார். தொழில்நுட்பத்தை விற்க முன்வரும் கம்பெனிகளில் தன் கம்பெனியும் இருக்கலாம்; இரண்டு பக்கமும் நிற்பது முறையல்ல என்று நினைத்தார். அமெரிக்காவிலிருந்த சீன வம்சாவளிப் பொறியாளர்களைச் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். யாருக்கும் சம்பளம் கிடையாது. அவர்கள் கூடி, எந்தத் தொழில்நுட்பத்தை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்று அலசினார்கள். சிப் செய்வதில் அன்று பெரும்பாலோர் நாடாத சீமாஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் குழுதான். இன்று உலகத்தில் ஓடும் சிப்களில் பெரும்பகுதி அந்த முறையில்தான் செய்யப்படுகிறது.

இந்த இடத்தில் நம் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டில் பெயர்பெற்ற நம்மூர்ப் பொறியாளர்களை நாமும் அழைக்கிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். காலை அமர்வில் இருபது நிமிடம் பேசச் சொல்கிறோம். 'வேர்களை மறக்காதவர்' என்று பாராட்டி, மாலையில் விமானம் ஏற்றிவிடுகிறோம். பானிடம் தைவான் கேட்டது, திட்டத்தை எழுதிக் கொடு, எங்களோடு உட்கார்ந்து பேரம் பேசு, தவறினால் நீயும் பதில் சொல் என்பதை.

1976இல் ஆர்.சி.ஏ.வுடன் ஒப்பந்தம் ஆனது. ஏறக்குறைய 40 இளம் பொறியாளர்கள் நியூ ஜெர்சி, ஓஹையோ, புளோரிடா என்று ஆர்.சி.ஏ.வின் ஆலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வடிவமைப்பு ஒருவருக்கு, உற்பத்தி ஒருவருக்கு, சோதனை ஒருவருக்கு, ஆலை மேலாண்மை ஒருவருக்கு என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் ஒரு முழு ஆலையை நடத்துவதற்கான ஆட்கள் கையில் இருந்தார்கள். 1977இல் மாதிரி ஆலை திறந்தது. 3 அங்குலத் தகடுகள், 7 மைக்ரான் நுட்பம், கைக்கடிகாரத்துக்கான சிப். கொஞ்ச நாளிலேயே, பழுதில்லாமல் தேறும் சிப்களின் விழுக்காட்டில் கற்றுக் கொடுத்த ஆர்.சி.ஏ.வையே மிஞ்சினார்கள். அந்த ஆலையிலிருந்து ஆட்களும் நுட்பமும் வெளியே வந்து 1980இல் யு.எம்.சி. என்ற கம்பெனி பிறந்தது. அமெரிக்கா போய்ப் பயின்றவர்களில் ஒருவரான சாய் மிங்-காய் பிறகு மீடியாடெக் கம்பெனியைத் தொடங்கினார். உங்களில் பலருடைய பையில் இருக்கும் செல்போனுக்குள் அவருடைய சிப் இருக்கக்கூடும். இன்னொருவரான செங் ஃபான்-செங், பின்னால் நான் சொல்லப்போகும் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் கம்பெனியின் தூண்களில் ஒருவரானார்.

சிலிக்கான் பள்ளத்தாக்கோடு தைவானுக்கு உறவு எப்படி வந்தது? 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் தைவானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் படித்தவர்கள் அலையலையாகப் போனார்கள். கலிபோர்னியாவின் சிப் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். நல்ல பொறியாளர் என்ற பெயர் கிடைத்தது. மேலாளர் நாற்காலி அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. அவர்கள் தங்களுக்குள் சங்கம் கட்டிக்கொண்டார்கள். 1989இல் தொடங்கிய மாண்டே ஜேட் சங்கம் அவற்றில் முக்கியமானது. தைவானின் மிக உயரமான மலையின் பெயரைத் தாங்கியது. இந்த மனிதர்களின் போக்குவரத்தை பெர்க்லியில் பேராசிரியராக இருந்த அன்னலீ சாக்ஸேனியன் விரிவாக ஆராய்ந்து 2006இல் 'தி நியூ ஆர்கனாட்ஸ்' என்ற நூலாக எழுதினார். ஒரு காலை கலிபோர்னியாவிலும் மறு காலை தைவானின் ஷிஞ்சு நகரத்திலும் ஊன்றிக்கொண்ட மனிதர்கள்தான் அந்த நூலின் நாயகர்கள்.

ஷிஞ்சு அறிவியல் பூங்கா 1980 டிசம்பரில் திறக்கப்பட்டது. வரிச்சலுகை, நிலம், மின்சாரம் எல்லாம் கொடுத்தார்கள். அதை எல்லா நாடும் கொடுக்கும். நான் அங்கே கவனிக்கச் சொல்வது ஒரு பள்ளிக்கூடத்தை. கலிபோர்னியாவில் பதினைந்து ஆண்டு வாழ்ந்த பொறியாளர் ஊர் திரும்ப நினைக்கிறார். பணம் பெரிய தடையில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குச் சீன எழுத்து எழுத வராது. ஊர்ப் பள்ளியில் சேர்த்தால் திணறிப் போவாள். வீட்டில் பேச்சு அதோடு நின்றுவிடும். 1983இல் பூங்காவை ஒட்டியே ஓர் அரசுப் பள்ளியைத் தொடங்கி, அதில் இருமொழிப் பிரிவு வைத்தார்கள். குழந்தை ஆங்கிலத்தில் தொடர்ந்து படித்தபடியே சீனம் கற்கலாம். பூங்காவுக்குள் வீடுகளும் கட்டினார்கள். முதலீட்டாளர் கையேட்டில் இதற்கு அரை வரிகூட ஒதுக்க மாட்டார்கள். ஆனால் குடும்பம் திரும்புவதா வேண்டாமா என்பது சமையலறை மேசையில்தான் முடிவாகும்.

1985இல் மோரிஸ் சாங் வந்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கால் நூற்றாண்டு வேலை பார்த்தவர். 1987இல் டி.எஸ்.எம்.சி.யைத் தொடங்கியபோது அமெரிக்கப் பெருங்கம்பெனிகளிடம் பங்கு கேட்டார். இன்டெலும் மறுத்தது, அவர் பழைய கம்பெனியும் மறுத்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் கால் பங்குக்கும் சற்று மேலே எடுத்துக்கொண்டது, தொழில்நுட்பமும் கொடுத்தது. மீதியில் பெரும்பங்கு அரசுடையது. டி.எஸ்.எம்.சி. தனக்கென்று சிப் வடிவமைப்பதில்லை. அடுத்தவர் வடிவமைப்பைச் செய்து கொடுக்கும். இதனால் கலிபோர்னியாவில் நான்கைந்து பேர் ஆலை கட்டாமலேயே சிப் கம்பெனி தொடங்க முடிந்தது. தைவானில் பிறந்த ஜென்சன் ஹுவாங் நண்பர்களோடு 1993இல் தொடங்கிய என்விடியா, 1990களின் பிற்பகுதியிலிருந்து டி.எஸ்.எம்.சி.யை நம்பித்தான் வளர்ந்தது. ஒரு கரையில் புதுக் கம்பெனி பிறந்தால் மறுகரை ஆலைக்கு ஆர்டர். மறுகரை ஆலை நுட்பத்தில் முன்னேறினால் இக்கரைக் கம்பெனிக்குப் புதுப் பொருள். இந்தப் பிணைப்பை எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தவில்லை.

மனிதர்களைப் பற்றிப் பேசியாயிற்று. இனிப் பணம். இதில் இஸ்ரேலிடம் கற்க நிறைய இருக்கிறது. அந்த நாட்டின் அரசியல் குறித்து இந்த அரங்கில் பலருக்கும் கடுமையான கருத்து இருக்கும், எனக்கும் உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்வது அதன் நிதி ஏற்பாடுகளை மட்டும்.

1977இல் அமெரிக்காவும் இஸ்ரேலும் சமபங்கு போட்டு 'பேர்ட்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கின. மூலதனம் பிறகு 11 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. விதி எளிது. இரு நாட்டிலிருந்தும் ஒவ்வொரு கம்பெனி சேர்ந்து ஒரு பொருளை உருவாக்க வர வேண்டும். செலவில் பாதியை அறக்கட்டளை கொடுக்கும். மறுபாதி கம்பெனிகள் கையிலிருந்து. பொருள் விற்றால் விற்பனையிலிருந்து ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும், வாங்கியதில் ஒன்றரை மடங்கு வரைக்கும். விற்காவிட்டால் ஒன்றும் தர வேண்டாம். நம் ஊர் வாரச் சாகுபடி மாதிரிதான்: விளைந்தால் பங்கு, பொய்த்தால் இல்லை. இதில் எனக்குப் பிடித்தது அந்த 'மறுபாதி'. சொந்தப் பணம் போட்டவன் கூட்டத்துக்கு ஒழுங்காக வருவான். இஸ்ரேல் கம்பெனிக்கு நுட்பம் உண்டு, அமெரிக்கச் சந்தை தெரியாது. அமெரிக்கக் கம்பெனிக்குச் சந்தை தெரியும். ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டார்.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. 1992இல் இஸ்ரேல் அரசு துணிகர முதலீட்டை வளர்க்க 'இன்பல்' என்று ஒரு திட்டம் போட்டது. முதலீட்டு நிதிகளுக்கு நட்டம் வந்தால் 70 விழுக்காடு வரை அரசு ஈடுகட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. திட்டம் தோற்றது. நட்டத்துக்குக் காப்பு கொடுத்தால், நட்டத்தை எண்ணிப் பயப்படுபவர்கள்தான் வருவார்கள். கம்பெனியை வளர்க்கத் தெரிந்தவர்கள் வரமாட்டார்கள். அடுத்த ஆண்டே, அரசின் தலைமை அறிவியலாளர் யிகால் எர்லிக் 10 கோடி டாலரில் 'யோஸ்மா' திட்டத்தைக் கொண்டுவந்தார். இது தலைகீழ். பத்து நிதிகள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் அரசு சுமார் 80 லட்சம் டாலர் போடும். நிபந்தனை: அனுபவமுள்ள வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்று பங்காளியாக உள்ளே இருக்க வேண்டும். ஆசை காட்டும் விதி: ஐந்து ஆண்டுக்குள் அரசின் பங்கை அசலும் வட்டியும் கொடுத்து நீங்களே வாங்கிக்கொள்ளலாம். நட்டத்தில் அரசு தோள் கொடுக்காது. லாபம் வந்தால் தன் லாபத்தை விட்டுக்கொடுக்கும். பத்தில் எட்டு நிதிகள் அந்த உரிமையைப் பயன்படுத்தின. சில ஆண்டுகளில் அரசு அந்தத் தொழிலிலிருந்து வெளியே வந்துவிட்டது. எங்கே எப்போது விலகுவது என்பதையும் முதல் நாளே எழுதிவைத்த அரசுத் திட்டங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பேர்ட் மாதிரியிலேயே இந்தியாவும் இஸ்ரேலும் 2017இல் 4 கோடி டாலரில் ஒரு கூட்டு நிதி அமைத்தன. அளவு சிறியதுதான். வடிவம் சரியானது.

சிலியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2010இல் 'ஸ்டார்ட்அப் சிலி' என்று தொடங்கி, உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் 40,000 டாலரும் ஓராண்டு விசாவும் கொடுத்தார்கள்; கம்பெனியில் பங்குகூடக் கேட்கவில்லை. உலகமே பேசியது, பல நாடுகள் நகல் எடுத்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் பணம் தீர்ந்ததும் மூட்டை கட்டினார்கள். சாந்தியாகோவில் அவர்களுக்கு வாடிக்கையாளர் இல்லை, தங்கிவிடக் காரணமும் இல்லை. ஊருக்குப் புதுக் காற்று வந்தது, இளைஞர்களுக்கு வேறு உலகம் தெரிந்தது என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். அந்தப் பலனுக்கு அந்தச் செலவு தகுமா என்பது சிலி மக்கள் தீர்மானிக்க வேண்டிய கணக்கு.

எஸ்டோனியாவில் யாரும் திட்டம் போடாமலேயே ஒன்று நடந்தது. 2003இல் வந்த ஸ்கைப்பை முன்னின்று தொடங்கிய நிக்லஸ் சென்ஸ்ட்ராம் ஸ்வீடன்காரர், யானுஸ் ஃப்ரீஸ் டென்மார்க்காரர். நிரலை எழுதியவர்கள் தாலினில் இருந்த எஸ்டோனியர்கள். 2005இல் ஈபே 260 கோடி டாலருக்கு வாங்கியது. தாலினில் பங்கு வைத்திருந்த பொறியாளர்கள் கைக்குப் பணம் வந்தது. பணத்தைவிட, உலகத்துக்கே ஒரு பொருளை விற்க முடியும் என்ற தைரியம் வந்தது. ஸ்கைப்பின் முதல் ஊழியரான தாவெத் ஹின்ரிகுஸ், சக நாட்டவரான கிறிஸ்டோ கார்மனோடு சேர்ந்து 2011இல் லண்டனில் தொடங்கியதுதான், இன்று வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர்கள் அறிந்த வைஸ். லண்டன் சம்பளத்தை எஸ்டோனியாவுக்கு மாற்றும்போது வங்கி பிடித்த கமிஷன்தான் அந்தக் கம்பெனிக்கு விதை. எல்லையின் இரு பக்கமும் வாழ்பவனுக்கு மட்டுமே அந்த உறுத்தல் தெரியும். ஸ்கைப் 2025இல் மூடப்பட்டது. அதன் வழியாக வளர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

சென்னைக்கு வருவோம். ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010இல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதமும் நண்பரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளிக்கூடம். இணையத்தில் பார்த்து, பிடித்திருந்தால் கடன் அட்டையில் பணம் கட்டி வாங்கும் மென்பொருள் அது. முதலீட்டாளர் பின்னால் வந்தார். 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி நியூயார்க்கின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. கிரீஷ் அந்தக் கம்பெனியைத் தொடங்கும் முன் வேலை பார்த்த இடம் ஜோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியதிலிருந்தே அமெரிக்கச் சந்தைக்குச் சென்னையிலிருந்து பொருள் செய்துவந்த நிறுவனம். ஆலையில் நின்று கற்ற தைவான் இளைஞர்களைப் போல, தெரியாத நாட்டு வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதை ஒரு தலைமுறை சென்னையில் உட்கார்ந்து, இரவு நேர அழைப்புகளில் கற்றது.

ஆனால் நாஸ்டாக்கில் பட்டியலானது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவான கம்பெனி. இப்படிப் பல கம்பெனிகள் வெளிநாட்டில் பதிவானதில் நம் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 2012இல் 'ஏஞ்சல் வரி' என்று ஒன்று வந்தது: புதுக் கம்பெனியின் பங்கை ஒருவர் 'நியாய மதிப்பை'விடக் கூடுதலாக வாங்கினால், அந்தக் கூடுதல் கம்பெனியின் வருமானமாம், அதற்கு வரியாம். கருப்புப் பணத்தைப் பிடிக்கப் போட்ட வலையில் மாட்டியது கனவோடு வந்த பிள்ளைகள். 2023இல் அதை வெளிநாட்டு முதலீட்டுக்கும் நீட்டினார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் அடியோடு எடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் எத்தனையோ கம்பெனிகள் சிங்கப்பூரிலும் டெலவேரிலும் தாய்க் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டு, பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்தன. இப்போது சில திரும்புகின்றன. ஃபோன்பே 2022இல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குப் பதிவை மாற்றியபோது அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய். வீடு திரும்ப நுழைவுக் கட்டணம்! தூதுக் குழுக்களை அனுப்புவதற்கு முன், ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் போடும் பத்து லட்சம் ரூபாய்க்கு எத்தனை படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது என்று ஓர் அமைச்சர் தானே உட்கார்ந்து நிரப்பிப் பார்க்கலாம்.

கடைசியாக, நடந்துகொண்டிருக்கும் ஒன்று. தைவானோடு நமக்குத் தூதரக உறவு கிடையாது. ஆனாலும் 2012 முதல் சென்னையில் தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் இயங்குகிறது. திருப்பெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் இருக்கிறது. செய்யாறில் உலகப் புகழ்பெற்ற காலணிகளைத் தைப்பது ஒரு தைவான் கம்பெனி. பல்லாயிரம் பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அந்த ஆலைகளில் இயந்திரம் பழுதானால் தைவான் தொழில்நுட்பரோடு சேர்ந்து சரிசெய்யும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த மாநாட்டுக்கும் அவர்களை யாரும் அழைப்பதில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

குஜராத்தின் தோலேராவில் 91,000 கோடி ரூபாயில் டாடா கட்டும் சிப் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. தொழில்நுட்பம் கொடுப்பது ஷிஞ்சுவைச் சேர்ந்த பவர்சிப் கம்பெனி. 1976இல் மாணவனாக இருந்த ஊர் இப்போது ஆசிரியர் நாற்காலியில் இருக்கிறது. அந்த ஆலைக்குத் திட்டமிட்டிருப்பது 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான நுட்பம். செயற்கை நுண்ணறிவுக்கான அதிநவீன சிப் அல்ல; மின்சாரத்தை நிர்வகிக்கும் சிப், திரையை இயக்கும் சிப், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சிப் போன்றவை. கற்றுக்கொள்ள நம் இளைஞர்கள் தைவான் போகிறார்கள்.

அவர்களில் ஒருவர் ஏழெட்டு ஆண்டு கழித்து வேலையை விட்டுவிட்டு, ஷிஞ்சுவில் பழகிய நண்பர் ஒருவரோடு சேர்ந்து சின்னதாக ஒரு வடிவமைப்புக் கம்பெனி தொடங்குகிறார் என்று வையுங்கள். பம்ப் மோட்டாருக்கான கட்டுப்பாட்டுச் சிப் ஒன்றை வடிவமைக்கிறார். மாதிரி கையில் இருக்கிறது. ஆயிரம் மோட்டாரில் பொருத்தி, தோட்டத்துக் கிணற்றில் ஒரு கோடைகாலம் முழுக்க ஓட்டிப் பார்த்தால்தான் அது தேறுமா தேறாதா என்று தெரியும். இந்தியாவில் மோட்டார் பம்ப் செய்யும் ஊர் எது என்று கோவைக்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த அரங்கின் முதல் மூன்று வரிசையிலேயே பத்துப் பேராவது இருக்கிறீர்கள். முதல் ஆயிரத்தை உங்களில் யார் வாங்குவீர்கள்? பழுதானால் நட்டத்தில் பாதியை ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுப்பீர்களா? மாநில அரசு ஒரு நிதி வைக்க நினைத்தால், மறுபாதிக்கு வைக்கட்டும்.